இனிஷியலிலிருந்து புரொஃபஷனலுக்கு: மாசசூசெட்ஸ் ஆசிரியர் எந்த வழியைத் தேர்வது?

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பொதுப்பள்ளிகளில் வேலைக்குச் சேர்ந்து மூன்று, நான்கு ஆண்டுகள் ஆன ஆசிரியர்கள் கூடும் இடத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும். இனிஷியல் எனப்படும் தொடக்கநிலை ஆசிரியர் உரிமத்தை, அதற்கு அடுத்த நிலையான புரொஃபஷனல் உரிமமாக மாற்ற எந்த வழி நல்லது? முழு மாஸ்டர்ஸ் படிப்பதா, 12 கிரெடிட் (மேற்படிப்புப் பாட அலகுகள்) போதுமா, ஆசிரியர் திறனைத் தேசிய அளவில் மதிப்பிடும் நேஷனல் போர்டின் சான்றுக்கு முயல்வதா, அல்லது நீட்டிப்பு வாங்கிக்கொண்டு நிதானமாக யோசிப்பதா? நடுநிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் நானும் இந்தக் கேள்வியோடு பலரிடம் போய் நின்றிருக்கிறேன். கிடைத்த அறிவுரைகளில் பெரும்பாலானவை செலவையும் காலத்தையும் பற்றியவை. அவை தவறான அறிவுரைகள் அல்ல. ஆனால் அவற்றுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய இரண்டு கேள்விகளை யாரும் என்னிடம் கேட்கவில்லை. என் உரிமத்தில் உண்மையில் எத்தனை ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன? தமிழ்நாட்டிலிருந்து நான் கொண்டுவந்த பட்டம் இங்கே எவ்வாறு மதிப்பிடப்படும்? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தவருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வழிதான் பொருத்தமானதாக எஞ்சுகிறது. அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இதை "நிரந்தரச் சான்றிதழ்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். வாழ்நாள் முழுவதும் செல்லும் ஆசிரியர் சான்றிதழ் என்ற ஒன்று இந்த மாநிலத்தில் ஒரு காலத்தில் இருந்தது உண்மைதான். 1993ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் அதை முடிவுக்குக் கொண்டுவந்து, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும் என்ற முறையை ஏற்படுத்தியது. ஆகவே இன்று நாம் எட்டக்கூடிய மிக உயர்ந்த படி புரொஃபஷனல் உரிமமே. அதுவும் புதுப்பிக்கப்பட வேண்டியதுதான், ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். இனிஷியலுக்கு அந்த வசதி இல்லை. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டின் சாரம் இவ்வளவுதான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. புரொஃபஷனல் உரிமம் வேறு, புரொஃபஷனல் டீச்சர் ஸ்டேட்டஸ் வேறு. பின்னது வேலைப் பாதுகாப்பு பற்றியது. ஒரே கல்வி மாவட்டத்தில் தொடர்ந்து மூன்று பள்ளியாண்டுகள் பணியாற்றியவருக்கு மாநிலச் சட்டப்படி அது கிடைக்கிறது. அந்த நிலையை அடையாத ஆசிரியரை அடுத்த ஆண்டு வேண்டாம் என்று மாவட்டம் முடிவு செய்தால், ஜூன் 15க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டிலும் "புரொஃபஷனல்" என்ற சொல்லும் "மூன்று ஆண்டு" என்ற கணக்கும் வருவதால், மூன்றாம் ஆண்டு முடிந்து வேலை நிலைத்துவிட்டது என்ற செய்தி வந்தவுடன் உரிமமும் தானாக மாறிவிட்டது என்று நம்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உரிமம் தானாக மாறாது. நாம்தான் மாநிலக் கல்வித் துறையின் ஈலார் (ELAR) என்ற உரிம இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, ஆவணங்களை அனுப்பி மாற்றிக்கொள்ள வேண்டும். வேலைப் பாதுகாப்பு கிடைத்துவிட்ட நிம்மதியில் உரிமத்தை மறந்துவிடுவதால் வரும் சிக்கல், நல்ல ஆசிரியர்கள் பலருக்கு நேர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து ஆண்டு என்பது எந்த ஐந்து ஆண்டு

இனிஷியல் உரிமம் ஐந்து ஆண்டு செல்லும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. விதி சொல்வது ஐந்து பணியாண்டுகளை. நாட்காட்டியின் ஐந்து ஆண்டுகளை அல்ல. அந்த உரிமத்தைக் கொண்டு வேலை பார்த்த ஆண்டுகள் மட்டுமே கணக்கில் கழிகின்றன. உரிமம் வாங்கிய பிறகு குழந்தை பிறந்து மூன்று ஆண்டுகள் வீட்டில் இருந்தவருக்கு அந்த மூன்று ஆண்டுகளும் கழிவதில்லை. இந்த ஒரு விவரம் தெரியாததால், காலம் தீர்ந்துவிட்டது என்று அஞ்சி அவசரமாகத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் அதிகப் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டவர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர்களில் இருக்கிறார். அவருக்கு உண்மையில் மூன்று பணியாண்டுகள் மிச்சம் இருந்தன.

இந்தக் கணக்கு நம்மவர்களுக்குக் கூடுதலாக முக்கியம் ஆவதற்குக் காரணம் விசா. கணவரோ மனைவியோ எச்-1பி விசாவில் இருக்க, எச்-4 விசாவில் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 2015 மே மாதத்திலிருந்துதான் வேலை அனுமதி அட்டை பெறும் வாய்ப்பு வந்தது. அப்படி வேலைக்கு வந்தவர்களில் ஆசிரியர்களும் உண்டு. அந்த அட்டை புதுப்பிக்கப்படத் தாமதமானால் பள்ளியாண்டின் நடுவிலேயே வேலையை நிறுத்திவைக்க நேரிடும். புரொஃபஷனலுக்குத் தேவைப்படுவதோ இனிஷியல் உரிமத்தின்கீழ் மூன்று முழு ஆண்டுகள். நடுவில் அறுந்த ஆண்டை முழு ஆண்டாக எண்ணித் திட்டமிடக் கூடாது. அட்டை காலாவதியாகும் தேதியையும் பள்ளியாண்டின் எல்லைகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்தால், எந்த ஆண்டு எண்ணிக்கையில் சேரும், எது ஐயத்துக்குரியது என்பது தெளிவாகிவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட இனிஷியல் உரிமங்கள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணக்குப் பாடத்தில் மட்டும் 1 முதல் 6 வரை, 5 முதல் 8 வரை, 8 முதல் 12 வரை என வகுப்பு நிலைக்கு ஏற்பத் தனித்தனி உரிமங்கள் உண்டு. நீங்கள் எந்தப் பாடத்துக்கும் வகுப்பு நிலைக்கும் புரொஃபஷனல் கேட்கிறீர்களோ அதற்கே இனிஷியலும் வைத்திருக்க வேண்டும். ஆகவே எந்த உரிமத்தின்கீழ் பள்ளி உங்களை நியமித்திருக்கிறது என்பதை ஊகத்துக்கு விடாமல் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் தப்பாதவை

வழிகள் வேறுபட்டாலும் சில தேவைகள் எல்லோருக்கும் பொது. வழிகாட்டி ஆசிரியர் ஒருவருடன் ஓராண்டு அறிமுகப் பயிற்சி, அந்த ஆண்டுக்குப் பிறகு குறைந்தது 50 மணி நேர வழிகாட்டல், மேலே சொன்ன மூன்று முழு ஆண்டுப் பணி ஆகியவை அவை. முதன்மைப் பாடங்களை நடத்துகிறவர்களுக்கு எஸ்இஐ ஒப்புதலும் தேவை. ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்குப் பாடத்தை எவ்வாறு கொண்டுசேர்ப்பது என்பதற்கான தகுதி அது. 2002இல் வாக்காளர்கள் இருமொழிக் கல்வி முறையை மாற்றி வாக்களித்ததும், அதன் பிறகு இந்த மாணவர்கள் பின்தங்கிவிடுகிறார்கள் என்ற கவலை பெருகியதும், 2012இல் இந்தப் பயிற்சி விதியாக வந்ததும் ஒரு நீண்ட கதை. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த குழந்தைகளும் பயனடையும் விதி என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு. இங்கேயே அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தை முடித்தவர்களுக்கு அந்த ஒப்புதல் பெரும்பாலும் இனிஷியலோடு சேர்ந்தே வந்திருக்கும். வராதவர்கள் அதற்குரிய படிப்பை முடித்தோ, எம்டெல் (MTEL) எனப்படும் மாநில ஆசிரியர் உரிமத் தேர்வு எழுதியோ பெறலாம்.

வழிகாட்டல் பற்றிய ஆவணத்தைப் பொறுத்தவரை என் அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். என் முதல் மாவட்டத்தில் எனக்கு மிக அருமையான வழிகாட்டி அமைந்தார். வாரந்தோறும் சந்தித்தோம், அவர் என் வகுப்பில் வந்து அமர்ந்தார், நான் அவர் வகுப்பில் போய் அமர்ந்தேன். ஆனால் அந்த மணிநேரங்களை யாரும் எழுதி வைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நான் கடிதம் கேட்டபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார், முதல்வரும் மாறியிருந்தார், அலுவலகத்தில் பதிவு இல்லை. பழைய நாட்குறிப்புகளையும் மின்னஞ்சல்களையும் தேடித் தொகுத்து, புதிய நிர்வாகம் கையெழுத்திடும் அளவுக்குச் சான்று சேர்க்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. இதில் மாவட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி மூடுவதற்கு முன் அந்த ஆண்டுக்கான கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்வது என் பொறுப்பாகவே இருந்தது. இதை எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறவரும் இன்றே தொடங்கலாம்.

ஊரில் படித்த பட்டத்தின் எடை

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். மேலே சொன்ன பொதுத் தேவைகளோடு கல்வி சார்ந்த ஒன்றையும் முடித்தாக வேண்டும். அந்த ஒன்றில்தான் தேர்வு இருக்கிறது. துறை அங்கீகரித்த புரொஃபஷனல் நிலைத் திட்டம் ஒன்றை முடிக்கலாம். நடத்தும் பாடத்துக்குப் பொருந்திய மாஸ்டர்ஸ் பட்டம் பெறலாம். ஏற்கெனவே மாஸ்டர்ஸ் இருந்தால் அதற்கு மேல் 12 கிரெடிட் படிக்கலாம். அல்லது நேஷனல் போர்டு சான்று பெறலாம். இந்தப் பட்டியலில் மூன்றாவது வழி திறக்கிறதா மூடுகிறதா என்பதை முடிவு செய்வது உங்கள் கையில் இருக்கும் மாஸ்டர்ஸ் பட்டம். தமிழ்நாட்டிலிருந்து எம்.எஸ்சி., எம்.ஏ. முடித்து வந்தவர்கள் பலர், தாங்கள் ஏற்கெனவே அந்தக் கதவுக்குள் நிற்கிறோம் என்பதை அறியாமலேயே இரண்டாவது மாஸ்டர்ஸுக்குப் பணம் கட்டுகிறார்கள். இதைத் தடுக்கவே இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன் என்று சொன்னால் மிகையாகாது.

வெளிநாட்டுப் பட்டம் என்றால், துறை ஏற்றுக்கொள்ளும் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் அமெரிக்கப் பட்டத்துக்கு இணையானதா என்று சான்று வாங்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நம் பி.எஸ்சி. மூன்று ஆண்டுப் படிப்பு. இங்குள்ள இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டுகள். எனவே பி.எஸ்சி.யையும் எம்.எஸ்சி.யையும் சேர்த்து ஒரு இளநிலைப் பட்டமும் கொஞ்சம் மேற்படிப்பும் என்று எடைபோடும் மதிப்பீட்டாளர்களும் உண்டு, எம்.எஸ்சி.யை முழு மாஸ்டர்ஸாக ஏற்பவர்களும் உண்டு. மதுரையில் நான் முடித்த கணித எம்.எஸ்சி.க்கு முதலில் கிடைத்த மதிப்பீடு முதல் வகையைச் சேர்ந்தது. மனமுடைந்துபோனேன். ஐந்து ஆண்டுகள் படித்த கணிதம் நான்கரை ஆண்டாகச் சுருங்கியது போல இருந்தது. துறையின் பட்டியலில் இருந்த வேறொரு நிறுவனத்துக்கு, பாடத்திட்டத்தையும் பல்கலைக்கழகத்தின் அங்கீகார விவரங்களையும் சேர்த்து அனுப்பியபோது, அதே சான்றிதழ்கள் மாஸ்டர்ஸுக்கு இணை என்று வந்தன. துறையும் ஏற்றுக்கொண்டது. எல்லோருக்கும் இப்படி அமையும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் முதல் மதிப்பீட்டோடு முயற்சியை நிறுத்திவிட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பட்டத்தின் மொத்த மதிப்பை மட்டும் சொல்லும் சுருக்கமான அறிக்கையைவிட, பாடம் பாடமாக எடைபோடும் விரிவான அறிக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது. 12 கிரெடிட்டுக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது அது மறுபடியும் உதவும்.

நான்காண்டு பி.இ. மட்டும் முடித்து வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது இளநிலைப் பட்டமாகவே கொள்ளப்படும். ஆனால் அவர்களுக்கு மூன்றாவது வழியும் இல்லை. பி.எட். பட்டத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2015க்கு முன் அது ஓராண்டுப் படிப்பு; தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் புதிய விதிகளுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள். எதுவானாலும் அதை மாஸ்டர்ஸ் என்று நம்பித் திட்டமிட வேண்டாம்.

இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எட். படித்து, அந்தத் திட்டத்தின் வழியாகவே இனிஷியல் வாங்கியவர்கள் வேறு ஒரு வகையில் ஏமாறுகிறார்கள். மாஸ்டர்ஸ் இருக்கிறதே, இனி என்ன வேண்டும் என்று இருந்துவிடுகிறார்கள். இனிஷியலுக்குக் காரணமாக இருந்த பட்டம் புரொஃபஷனலுக்கும் சேர்த்துக் கணக்காகாது. அதற்கு மேல் 12 கிரெடிட் தேவைப்படும்.

வழிகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தால்

முழு மாஸ்டர்ஸ் என்பது பொதுவாக 30 முதல் 36 கிரெடிட் வரை. 12 கிரெடிட் என்பது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பணத்திலும் உழைப்பிலும் அதே விகிதம்தான். ஆகவே மாஸ்டர்ஸ் ஏற்கெனவே கையில் இருப்பவர், உரிமத்துக்காக மட்டும் இன்னொரு மாஸ்டர்ஸ் படிப்பதற்கு எனக்குத் தெரிந்து நியாயம் ஏதுமில்லை. படிக்கும் ஆசைக்காகப் படிப்பது வேறு. அதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. மாஸ்டர்ஸ் இல்லாதவருக்கோ, இந்த மாநிலத்தில் நெடுநாள் ஆசிரியராக இருக்கப் போகிறோம் என்ற எண்ணம் இருந்தால், முழு மாஸ்டர்ஸ்தான் சரியான வழி. அதற்குரிய காரணம் உரிமத்தை விடச் சம்பளத்தில் இருக்கிறது. மாவட்டங்களின் சம்பள அட்டவணை அநேகமாக எல்லா இடங்களிலும் இளநிலை, மாஸ்டர்ஸ், மாஸ்டர்ஸுக்கு மேல் 15 கிரெடிட், 30 கிரெடிட் என்பது போன்ற பத்திகளாகப் பிரிந்திருக்கிறது. மாஸ்டர்ஸ் முடித்தவர் அடுத்த பத்திக்குப் போகிறார். அந்த உயர்வு அவர் பணியாற்றும் காலமெல்லாம் தொடரும். எனவே செலவை உரிமத்தின் விலையாகப் பார்க்காமல், உங்கள் மாவட்டத்தின் ஒப்பந்தத்தை எடுத்து, இரண்டு பத்திகளுக்கும் இடையே உங்கள் படிநிலையில் எவ்வளவு வேறுபாடு என்று கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பல ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனையும் இருக்கும்: பாடத்தில் சேருவதற்கு முன்பே கல்வி மாவட்டத் தலைவரான கண்காணிப்பாளரின் அனுமதி பெற வேண்டும். படித்து முடித்த பின் போய்க் கேட்டால் சம்பள உயர்வு மறுக்கப்படலாம்.

12 கிரெடிட் வழியில் இருக்கும் ஆபத்து வேறு வகையானது. எந்தப் பாடத்தையும் எடுத்துவிட முடியாது. பட்டமேற்படிப்பு நிலையில் இருக்க வேண்டும், உங்கள் உரிமத்தின் பாட அறிவையோ அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் முறையையோ சார்ந்ததாக இருக்க வேண்டும். கணக்கு ஆசிரியர் எண்கோட்பாடு எடுக்கலாம், பின்னங்களைக் கற்பிக்கும் முறை பற்றிய பாடம் எடுக்கலாம். வகுப்பறை மேலாண்மை, தலைமைப் பண்பு, பொதுவான கல்வி உளவியல் போன்றவை எவ்வளவு பயனுள்ளவையாக இருந்தாலும் கணக்கில் சேராமல் போகக்கூடும். நண்பர் ஒருவர் கோடை விடுமுறையில் எளிதாக முடியும் பாடங்களாகப் பார்த்து நான்கு எடுத்தார், இரண்டு ஏற்கப்படவில்லை. சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை இணைத்து உரிமப் பிரிவுக்கு எழுதி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது மிக அவசியம். வாய்மொழியாகக் கிடைத்த உறுதி விண்ணப்பத்தைப் பார்க்கும் இன்னொருவரைக் கட்டுப்படுத்தாது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் மாலை நேரத்திலும் கோடையிலும் நடத்தப்படும் மேற்படிப்புப் பாடங்கள் தனியார் பல்கலைக்கழகங்களைவிட மிகவும் மலிவு. இந்த வழியில் கிடைப்பது நான்கே பாடங்கள் என்பதால் பல்கலைக்கழகத்தின் பெயருக்காக அதிகம் கொடுப்பது வீண் செலவு.

நான் தேர்ந்தெடுத்தது இந்த 12 கிரெடிட் வழி. நான்கில் ஒன்று நிகழ்தகவு பற்றிய பாடம். பல ஆண்டுகளுக்குப் பிறகு மாணவியாக உட்கார்ந்து, ஒரு கணக்கு வராமல் தவித்து, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவும் கூச்சப்பட்டு இருந்த அந்த மாலைகள், என் ஏழாம் வகுப்பில் கை தூக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எனக்குப் புரியவைத்தன. உரிமக் கணக்கில் இதற்கு மதிப்பெண் இல்லை. எனக்கு அது முக்கியமாக இருந்தது.

நேஷனல் போர்டு இவற்றிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. 1987இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு தேசிய அளவில் ஆசிரியர்களின் திறனை மதிப்பிடுகிறது. பாட அறிவுத் தேர்வு, மாணவர் வேறுபாடுகளுக்கு ஏற்பக் கற்பித்ததற்கான சான்றுகள், வகுப்பறை வீடியோவும் அதன் பகுப்பாய்வும், ஆசிரியராகத் தன்னைத்தானே ஆராய்ந்து செயல்பட்டதற்கான பதிவு என நான்கு கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 475 டாலர் வீதம் 1,900 டாலர், ஆண்டுதோறும் பதிவுக் கட்டணம் 75 டாலர். முழு மாஸ்டர்ஸோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ குறைவு. அதனாலேயே இதை மலிவான குறுக்குவழி என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. அப்படி வருகிறவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். மாஸ்டர்ஸில் பாடம் பாடமாகத் தேறிக்கொண்டே போகலாம். இங்கே தேறுவோம் என்ற உறுதி இல்லை. மூன்று ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும், வேலைகளை வசந்த காலத்தில் சமர்ப்பித்தால் முடிவு டிசம்பரில்தான் வரும். தேறாத கூறுகளை மறுபடியும் முயலலாம், ஆனால் அதற்குள் இன்னொரு பணியாண்டு கழிந்துவிடும். நான்காம் ஆண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் உரிமம் காலாவதியாகும் நிலையில் இருப்பவர் இதை மட்டும் நம்பி இருப்பது மிகவும் ஆபத்தானது என்பது என் கருத்து. அதே சமயம், இதைச் செய்து முடித்த ஆசிரியர்களின் வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். தன் வகுப்பின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்த மாணவரிடம் எந்தக் கேள்வியை ஏன் கேட்டோம் என்று எழுதிப் பார்ப்பது போல ஒரு பயிற்சி வேறு எதிலும் இல்லை. ஆகவே புரொஃபஷனல் உரிமத்தை வேறு வழியில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு நேஷனல் போர்டுக்குப் போவது நல்லது. உரிமத்தைப் புதுப்பிக்கும்போதும் அந்த உழைப்பு கைகொடுக்கும்.

கல்வி மாவட்டங்களும் பிற அமைப்புகளும் நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட புரொஃபஷனல் நிலைத் திட்டங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உங்கள் பாடத்துக்கும் வகுப்பு நிலைக்கும் அப்படி ஒன்று இருந்தால், வேலை நேரத்தோடு ஒத்துப்போனால், தாராளமாகச் சேரலாம். ஆனால் எல்லாப் பாடங்களுக்கும் அவை கிடைப்பதில்லை.

நீட்டிப்பு ஒரு வழியா

இனிஷியல் உரிமத்தை ஒரே ஒரு முறை, மேலும் ஐந்து பணியாண்டுகளுக்கு நீட்டித்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. இதைத் தனி வழியாக எண்ணிப் பலர் நிம்மதி அடைகிறார்கள். நோயோ, மகப்பேறோ, பெற்றோருக்காக ஊருக்குப் போய்வர வேண்டிய சூழலோ ஏற்பட்டவர்களுக்கு நீட்டிப்பு உண்மையான உதவி. அதைப் பயன்படுத்துவதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அது முடிவைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. பத்தாவது பணியாண்டில் கேட்கப்படும் தேவைகள் ஐந்தாவது ஆண்டில் கேட்கப்பட்ட அதே தேவைகள்தான். அப்போது பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன் என வேறு பொறுப்புகளும் சேர்ந்திருக்கும். நீட்டிப்பு வாங்குகிறவர், வாங்கும் அன்றே முதல் பாடத்தில் பதிவு செய்துவிட்டால் அந்த ஐந்து ஆண்டுகளும் அவருக்குப் பயன்படும்.

வேறு மாநிலம் போக நேர்ந்தால்

கணினித் துறையில் வேலை பார்க்கும் துணையோடு வாழும் நம் குடும்பங்கள் மாநிலம் விட்டு மாநிலம் மாறுவது சாதாரணம். அதனால் ஒவ்வொரு வழியும் எல்லை தாண்டி எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். மாஸ்டர்ஸ் பட்டம் எங்கும் செல்லும். பக்கத்தில் இருக்கும் நியூயார்க் மாநிலம் தன் புரொஃபஷனல் சான்றிதழுக்குப் பெரும்பாலும் மாஸ்டர்ஸையே கேட்கிறது. அங்கே இனிஷியலின் காலம் நாட்காட்டி ஆண்டுகளாகவே கழிகிறது என்பதையும் அங்கே போகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நேஷனல் போர்டு சான்றைப் பல மாநிலங்கள் மதிக்கின்றன. சில மாநிலங்கள் அதற்குத் தனி ஊதியமும் தருகின்றன. 12 கிரெடிட் வழியும் அங்கீகரிக்கப்பட்ட திட்டமும் இந்த மாநிலத்தின் விதிக்காகவே அமைந்தவை. வேறிடத்தில் அவை மேற்படிப்புக் கிரெடிட்டுகளாக மட்டும் நிற்கும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் இடம் மாறும் வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறவர், மாஸ்டர்ஸ் இல்லாதவராக இருந்தால், செலவு அதிகமானாலும் மாஸ்டர்ஸையே தேர்வது அறிவுடைமை.

பணத்தைக் குறைத்துக்கொள்ளும் சில வழிகளும் உண்டு. மாவட்டம் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருமானால், முதலாளி தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை மத்திய வருமான வரியிலிருந்து விலக்கு பெற முடியும். உங்கள் கையிலிருந்து கட்டிய தொகைக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டிருந்தால், வாழ்நாள் கற்றல் வரிச்சலுகையாக 10,000 டாலர் வரையிலான செலவில் 20 விழுக்காடு, அதாவது 2,000 டாலர் வரை கிடைக்கலாம். ஒரே தொகைக்கு இரண்டையும் கோர முடியாது. பாடங்களை ஒரே ஆண்டில் குவிக்காமல் இரண்டு வரியாண்டுகளுக்குப் பிரித்து எடுத்தால் இந்தச் சலுகைகளை முழுமையாகப் பயன்படுத்த வாய்ப்பு அதிகம்.

காலக்கணக்கு

வேலை பார்த்துக்கொண்டே ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் என்பதுதான் குடும்பத்தோடு இருப்பவர்களுக்குத் தாங்கக்கூடிய வேகம். மூன்று கிரெடிட் பாடங்கள் நான்கு என்றால், இலையுதிர், வசந்தம், மறுபடி இலையுதிர், வசந்தம் என இரண்டு பள்ளியாண்டுகள். ஊர்ப் பட்டத்தை மதிப்பிட, பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியல் வரவழைப்பது உட்பட, சில மாதங்களை ஒதுக்கிவைக்க வேண்டும். தமிழ்நாட்டில் உறவினர் யாராவது நேரில் போய்க் கேட்டால் வேலை விரைவில் நடக்கும். எனவே 12 கிரெடிட் வழியில் போகிறவர் இரண்டாம் பணியாண்டின் முடிவில் மதிப்பீட்டுக்கு அனுப்பி, மூன்றாம் ஆண்டு செப்டம்பரில் முதல் பாடத்தைத் தொடங்கினால் நான்காம் ஆண்டு மே மாதத்தில் எல்லாம் முடிந்திருக்கும். ஒரு பாடம் ஏற்கப்படாமல் போனாலும் ஈடுகட்ட முழு ஐந்தாம் ஆண்டு கையில் இருக்கும். முழு மாஸ்டர்ஸ் என்றால் இதே வேகத்தில் ஐந்து முதல் ஆறு ஆண்டுகள் ஆகும். கோடைப் பாடங்களையும் சேர்த்தால் மூன்றரை, நான்கு ஆண்டுகளில் முடிக்கலாம். அதனால் மாஸ்டர்ஸ் இல்லாதவர் முதல் ஆண்டின் களைப்பு தீர்ந்தவுடன், அதாவது இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

புரொஃபஷனல் வந்த பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 150 தொழில்வளர்ச்சிப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். அதில் பாட அறிவு, கற்பிக்கும் முறை, ஆங்கிலம் கற்கும் மாணவர்கள், மாற்றுத்திறன் மாணவர்கள் ஆகியவற்றுக்குத் தலா 15 கட்டாயம். மீதியை நம் விருப்பப்படி சேர்க்கலாம். மேற்படிப்புக் கிரெடிட் ஒன்றுக்கு 22.5 புள்ளிகள் என்பதால் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றே 67.5 புள்ளி தரும். இப்போதைய ஓட்டத்தோடு ஒப்பிட்டால் அது சுமையே அல்ல.

இதை வாசிக்கும்போது நீங்கள் நான்காம் பணியாண்டில் இருந்து, கையில் மதிப்பிடப்படாத எம்.எஸ்சி. இருந்தால், இந்த வாரமே செய்ய வேண்டியது இரண்டு. பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் பட்டியல் கேட்டு எழுதுங்கள். வழிகாட்டி ஆசிரியர் இன்னும் அதே பள்ளியில் இருக்கும்போதே, 50 மணி நேரத்துக்கான தாளில் அவரது கையெழுத்தையும் முதல்வரின் கையெழுத்தையும் வாங்கி ஒரு நகல் வீட்டில் வையுங்கள்.